பழைய பெட்ரோல் பங்க் மனையில் கட்டடம்: செய்யக்கூடாத தவறுகள்

சென்னையில் மெயின் ரோட்டு பங்க் ஒன்று மூடப்பட்டால், தொட்டியை எடுத்து, கறுத்த மண்ணை அள்ளி, கிராவல் கொட்டினால் மனை தயார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மண்ணை மட்டும் பார்ப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. கசிந்த எண்ணெயை இடம் மாற்றுவது நிலத்தடி நீர்.

முதலில் சோதனை எந்த மாதத்தில் நடக்கிறது என்று பாருங்கள். எண்ணெய் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கோடையில் மட்டம் இறங்கும்போது கூடவே இறங்கி, மண்துகள்களுக்கிடையே ஒட்டிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் நீர் ஏறியதும் அதில் பெரும்பகுதி நீருக்கடியில் சிக்கிவிடும். நிலத்தடி நீரைப் பார்க்க இறக்கும் கண்காணிப்புக் குழாய் டிசம்பரில் சுத்தமாகத் தெரிந்தாலும், அதே குழாயில் மே மாதம் எண்ணெய்ப் படலம் நிற்கலாம். ஆகவே இரு பருவத்திலும் அளக்க வேண்டும். மண் மாதிரியைக் கோடை நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழ்வரை எடுக்க வேண்டும். தொட்டியின் இரு முனைகள், லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் இடம், குழாய் இணைப்புகள், பம்புகளின் அடி ஆகியவற்றை விடக்கூடாது.

நாலு இடத்து மண்ணைத் தட்டில் போட்டுக் கலந்து பாலிதீன் பையில் கட்டி அனுப்பினால், ஆய்வகம் சேர்வதற்குள் பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருளான பென்சீன் ஆவியாகிவிடும். மெத்தனால் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் உடனே அடைத்து, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். 2000 பிப்ரவரிக்கு முன்பே இயங்கிய பங்க் என்றால் ஈயத்துக்கும் சோதனை தேவை. அதன் பிறகுதான் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது.

காலித் தொட்டிதான் ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். நைட்ரஜன் செலுத்தி, வாயு அளக்கும் மானியில் அளந்து, எரிவாயு இல்லை என்ற சான்று கைக்கு வரும்வரை கேஸ் கட்டரைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது.

அதிகம் செலவு வைக்கும் தவறு அடித்தளத்துக்கு (பேஸ்மென்ட்) தோண்டும் பள்ளத்தில் நடக்கிறது. மோட்டார் வைத்து நீரை இறைத்தால், மிதக்கும் எண்ணெயும் பள்ளத்தை நோக்கி இழுபட்டு, இதுவரை சுத்தமாக இருந்த ஆழத்திலும் பூசிக்கொள்ளும். பக்கத்து மனையின் மாசும் சேர்ந்து வரும். அந்த நீரை மழைநீர் வடிகாலில் விடுவது சட்டப்படி குற்றம், தீ அபாயமும் உண்டு. தோண்டுமுன் மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுங்கள். சுற்றிலும் நீர்தடுப்புச் சுவர் இறக்குங்கள். இறைக்கும் நீரை எண்ணெய் பிரிப்பான், பிறகு கரி வடிகட்டி வழியாக அனுப்புங்கள். நீர் இறைக்கும் (டிவாட்டரிங்) ஒப்பந்தத்திலேயே இதை எழுதாவிட்டால், பிறகு செலவு யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

அள்ளிய மண்ணை நிரப்பு மண்ணாக விற்கக் கூடாது. அபாயகரக் கழிவு என்று சோதனையில் தெரிந்தால், 2016 அபாயகரக் கழிவு விதிகளின் படிவம் 10 என்ற போக்குவரத்துச் சீட்டோடு கும்மிடிப்பூண்டி கழிவு மையத்துக்குப் போக வேண்டும். திருவான்மியூர், தண்டையார்பேட்டை போன்ற மணற்பாங்கான இடங்களில் ஆவியை உறிஞ்சும் முறையால் தோண்டாமலே பெட்ரோலை எடுக்கலாம். அண்ணா நகர்க் களிமண்ணில் அது எடுபடாது. மண்ணைக் குவித்து வைத்து எண்ணெயை நுண்ணுயிரால் சிதைக்கும் முறை டீசலுக்கு நல்லது, ஆனால் மாதக்கணக்கில் இடம் வேண்டும். நகர மனையில் அந்த இடம் ஏது?

இனி கட்டடம். எண்ணெய்ப் படலத்துக்கும் தரைத்தளத்துக்கும் நடுவே ஏறத்தாழ 5 மீட்டர் காற்றோட்டமுள்ள சுத்தமான மண் இருந்தால், நுண்ணுயிர்களே ஆவியைத் தின்றுவிடும். அடித்தளம் தோண்டும்போது அந்த இடைவெளியைத்தான் இழக்கிறோம். லிப்ட் குழி இன்னும் கீழே போகிறது. அங்கே தார் ஷீட் ஒட்டுவது வீண், பெட்ரோல் தாரைக் கரைக்கும். சாதாரண பாலிதீன் வழியாக ஆவி ஊடுருவும். நடுவில் அலுமினியத் தகடுள்ள ஆவித்தடுப்பு விரிப்பு, அதற்கடியில் ஜல்லிப்படுகை, அதிலிருந்து மொட்டைமாடிவரை காற்றுக்குழாய் வேண்டும். பிளாஸ்டிக் குடிநீர்க் குழாயையும் பென்சீன் ஊடுருவும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்ட இரும்புக் குழாயே சரி.

2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், வரைபடத்தில் மூலைக்கொரு உறைகிணறு போட்டுவிடுகிறார்கள். மாசு மிச்சமிருக்கும் மண்ணில் அது எஞ்சியதைக் கழுவி அக்கம்பக்கத்து போர்வெல்லுக்கு அனுப்பும். அங்கே மழைநீரைச் சம்பில் சேமியுங்கள். உறைகிணற்றை மாதிரி சுத்தமாக வந்த மூலைக்கு மாற்றுங்கள். கைவிட்ட போர்வெல்லை மூடிபோட்டு விடாமல், அடியிலிருந்து மேல்வரை பென்டோனைட் களிமண் கலந்த சிமென்ட் குழம்பால் நிரப்புங்கள்.