க்யூரிங் மெஷினில் சூடு சரியில்லையா? செட் பாயிண்டைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

திருப்பூர்ப் பக்கம் பிரிண்டிங் யூனிட்டில் புதிதாக க்யூரிங் மெஷினில் (பிரிண்ட் இங்க்கைச் சூட்டில் துணியோடு பதிய வைக்கும் மெஷின்) நிற்கிறவர்களுக்கு இது. துவைத்ததும் பிரிண்ட் வெடிக்கிறது என்று பீஸ் திரும்பி வந்தால், எல்லாரும் முதலில் செட் பாயிண்டை, அதாவது மெஷினில் நாம் வைக்கும் சூட்டு அளவை, பத்து டிகிரி ஏற்றுவார்கள். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்பிளேயில் தெரிவது சென்சார் முனை இருக்கிற இடத்துச் சூடு மட்டும்தான். நமக்கு வேண்டியது இங்க்கின் சூடு. சாதாரண பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் வகை பிரிண்டிங் இங்க்) என்றால் இங்க் படலம் அடிவரை சுமார் 160 டிகிரியை எட்ட வேண்டும். லோ க்யூர் இங்க்குக்கு அவ்வளவு வேண்டாம், டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள்.

1. துணியில் அளந்து பாருங்கள்

சூட்டுக்கு நிறம் மாறும் டெம்பரேச்சர் ஸ்ட்ரிப் கடையில் கிடைக்கும். ஒரே பீஸில் இடது, நடு, வலது என மூன்று இடத்தில் ஒட்டி பெல்ட்டில் விடுங்கள். மூன்றும் குறைவாக வந்தால் ஒரு வகைக் கோளாறு, ஒரு ஓரம் மட்டும் குறைந்தால் வேறு வகை. காலையில் சரியாக இருந்து மதியம் மாறினால் அதையும் நேரத்தோடு குறித்து வையுங்கள், பின்னால் உதவும். கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் கன் அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் அது மேற்பரப்பை மட்டும் காட்டும். பீஸ் வெளியே வந்த நொடியிலேயே ஆறவும் தொடங்கிவிடும்.

2. பெல்ட் வேகம்

டயலில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பெல்ட்டில் ஒரு டேப் ஒட்டி, சேம்பருக்குள் (மெஷினின் சூடான அறை) நுழைந்து வெளியே வரும் நேரத்தை மொபைலில் பாருங்கள். 3 மீட்டர் சேம்பரை 1 நிமிடத்தில் கடந்தால் வேகம் நிமிடத்துக்கு 3 மீட்டர். புரொடக்‌ஷன் அவசரத்தில் யாரோ வேகத்தைக் கூட்டிவிட்டுப் போயிருப்பது சகஜம். பெல்ட் தளர்ந்து ரோலரில் வழுக்கினால் கதை தலைகீழ்: டயல் அப்படியே இருக்கும், துணி கருகும்.

3. சென்சார்

பெரும்பாலும் உள்ளே இருப்பது கே வகை தெர்மோகப்பிள், அதாவது சூட்டை அளக்கும் வயர் சென்சார். அதன் முனை இடம் நகர்ந்திருக்கிறதா, பஞ்சுத் தூசி படிந்திருக்கிறதா பாருங்கள். சூடு ஏற ஏற எண் இறங்கினால் அதன் பிளஸ், மைனஸ் வயரை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

கன்ட்ரோலர் மாற்றிய பிறகு பிரச்சினை தொடங்கியதா? அப்படியென்றால் சென்சார் வகை அமைப்பைப் பாருங்கள். கே வகை சென்சாரை வைத்துக்கொண்டு கன்ட்ரோலரில் ஜே (இன்னொரு தெர்மோகப்பிள் வகை) என்று இருந்தால், டிஸ்பிளே 160 காட்டும்போது நிஜச் சூடு 200-ஐ ஒட்டி இருக்கும். இங்க் மேல் பழி போட்டு டப்பா டப்பாவாக மாற்றிக்கொண்டிருப்பார்கள், காரணம் இந்த ஒரு அமைப்பாக இருக்கும்.

4. கரண்ட்

பேனலைத் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், போதும். கிளாம்ப் மீட்டரை ஒரு நேரத்தில் ஒரே வயரில் மாட்டி, மூன்று ஃபேஸையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர் வர வேண்டும். ஒன்றில் சைபர் என்றால் ஃபியூஸ் போயிருக்கும், இல்லை கான்டாக்டர் (ஹீட்டருக்குக் கரண்டை இணைக்கும் ஸ்விட்ச்) முனை கருகியிருக்கும். குறைந்திருந்தால் ஹீட்டர் ஏதோ அவிந்திருக்கிறது. 230 வோல்ட்டில் ஓடும் 3 கிலோவாட் ஹீட்டர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும், அதை வைத்து ஒப்பிடலாம்.

எல்லாம் சரி, சூடு மட்டும் வரவில்லை என்றால் வோல்டேஜைப் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 இருந்தால் ஹீட்டர் தரும் சூட்டில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும்.

செட் பாயிண்டைத் தாண்டியும் சூடு ஏறிக்கொண்டே போகிறதா? எஸ்.எஸ்.ஆர் (ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) ஷார்ட் ஆகியிருக்கும். அது பழுதானால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே நின்றுவிடும். ஹீட்டர் மெயினை உடனே அணையுங்கள். பெல்ட்டும், உள்ளே காற்றைச் சுற்றவிடும் புளோயரும் மட்டும் உள்ளே ஆறும்வரை ஓடட்டும், நின்றால் பெல்ட் கருகிவிடும்.

5. காற்று

நம் ஊரில் இதைத் தனியாகவே பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று திறந்த ஷட்டரில் புகுந்து மெஷின் வாயில் நேராக அடிக்கும். அந்த முனை மட்டும் ஆறிப்போகும். ஒரு நிமிடம் ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி ஸ்ட்ரிப் விட்டுப் பாருங்கள், விடை தெரிந்துவிடும். மறைப்பு வைக்கலாம், மெஷினைத் திருப்பிப் போட்டால் இன்னும் நல்லது.

டிரான்ஸ்ஃபார்மர் வேலையோ வயரிங் வேலையோ நடந்த மறுநாள் ஒரு ஓரம் கொதித்து மறு ஓரம் ஆறினால், புளோயர் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று சந்தேகப்படுங்கள். ஃபேஸ் வரிசை மாறினால் மோட்டார் திரும்பிச் சுற்றும். காற்று அப்போதும் வரும், ஆனால் வேகம் இருக்காது. மோட்டாரில் உள்ள அம்புக்குறியோடு ஒத்துப் பாருங்கள். ஃபில்டரில் பஞ்சு அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

மழை நாளில் காட்டன் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அந்த ஈரம் போன பிறகுதான் இங்க்குக்குச் சூடு ஏறும். அன்றைக்கு பெல்ட்டைக் கொஞ்சம் மெதுவாக்கினால் போதும்.

6. இப்போது செட் பாயிண்ட்

இத்தனையும் பார்த்த பிறகும் ஸ்ட்ரிப் குறைவாகவே காட்டினால் 5 டிகிரி ஏற்றுங்கள். எண் நிலைக்கும்வரை காத்திருந்து மறுபடி ஸ்ட்ரிப் விடுங்கள். ஒரு பீஸை நன்றாக ஆறவிட்டு, பிரிண்டை இழுத்துப் பார்த்து, துவைத்தும் பாருங்கள். பாலியஸ்டர் துணிக்கு மட்டும் இப்படி ஏற்றாதீர்கள். துணியின் சாயம் கிளம்பி வெள்ளை இங்க்கில் ஏறிவிடும். அதற்கு லோ க்யூர் இங்க் வாங்கி, சூட்டை இறக்கி ஓட்டுங்கள்.