ரெஜிபோம் மலை உருகாமல் இருக்க: வீட்டுப் பொருளில் டெரெய்ன் செய்வோர் விடும் தவறுகள்

நான் செய்த முதல் மலை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. டீவி வந்த பெட்டிக்குள் இருந்த ரெஜிபோமை வெட்டி, ஒட்டி, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து செதுக்கியது. கடைசியில் ஸ்ப்ரே பெயின்ட் டின்னை எடுத்து ஒரு சுற்று அடித்தேன். பொரிகிற மாதிரி மெல்ல ஒரு சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் குழி விழுந்து, மலை எரிமலையாகிவிட்டது.

மேசையில் சின்னச் சிப்பாய் உருவங்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளுக்கு மலை, வீடு, மதில், மரம் எல்லாம் வேண்டும். சிப்பாய் மறைந்து நிற்கவும், எதிராளியின் பார்வையைத் தடுக்கவும் அவைதான் உதவும். இதையெல்லாம் சேர்த்து டெரெய்ன் என்கிறோம். காசு கொடுத்து வாங்கக் கட்டாது, ஆகவே வீட்டில் கிடப்பதை வைத்துச் செய்கிறோம். செய்யத் தொடங்கும் பலரும் முதலில் மாட்டிக்கொள்வது இந்த ஸ்ப்ரேயில்தான். ரெஜிபோம் என்பது ஊதிப் பெருக்கிய பொலிஸ்டைரீன், அதில் பெரும்பங்கு வெறும் காற்று. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் பட்டதும் கரைந்து சுருங்கிவிடும். சுப்பர் குளூவும் செருப்பு ஒட்டும் மஞ்சள் பசையும் அதே வேலையைத்தான் செய்யும். ரெஜிபோமுக்கு பைண்டர் கம், அதாவது தண்ணீரில் கலக்கும் வெள்ளைப் பசை, மட்டும் போதும். பெயின்ட் அடிக்கும் முன் பைண்டர் கம்மில் கறுப்பு எமல்ஷனைக் கலந்து இரண்டு பூச்சுப் பூசுங்கள். வெட்டிய ஓரங்களில் மணிகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளை விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகும் நான் ஸ்ப்ரே பக்கம் போவதில்லை, தூரிகைதான்.

2017இல் இலங்கையில் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குத் தடை வந்தது. நமக்கு அதில் நட்டம் இல்லை. அந்த மெல்லிய பெட்டியை விட டீவி, ஃபிரிட்ஜ் பொதியில் வரும் தடித்த ரெஜிபோம்தான் மலைக்கு நல்லது. கட்டர் பிளேடு மட்டும் புதிதாக இருக்க வேண்டும். மொட்டை பிளேடு வெட்டாது, மணி மணியாகப் பிய்க்கும். அப்புறம் வீடு முழுக்க வெள்ளை மணி, அம்மாவிடம் ஏச்சு.

உருகுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஈரம் செய்யும் சேதம் இரண்டு கிழமை கழித்துத்தான் தெரியும். வீடியோவில் 'ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்' என்பார்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு. நம் மலைநாட்டில் கதை வேறு, நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் துவைத்த பள்ளிச் சீருடையே மூன்று நாளைக்குக் காயாது, பைண்டர் கம் எப்படிக் காயும்? அதிலும் இரண்டு ரெஜிபோம் பலகைக்கு நடுவே பசையைத் தாராளமாக ஊற்றினால், தண்ணீர் வெளியேற வழியே இருக்காது. நான்கு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே பால் போல அப்படியே இருந்தது. பசையை மெல்லியதாகத் தடவி, ஈர்க்குத் துண்டுகளைக் குத்தி இறுக்கி, ஒரு கிழமை விட்டுவிடுங்கள். பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பாடு குறைவு. ஆடி மாதத்தில் இங்கே சொட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே வெயில் அடிக்கும்.

அவசரத்தில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காய வைப்பவர்களும் உண்டு. வேண்டாம். ரெஜிபோம் சூட்டில் வளையும், தீப்பிடித்தால் கறுத்த புகையோடு எரியும். வெட்டிய துண்டுகளை அடுப்பில் போட்டு எரிப்பதும் கூடாது.

காட்போட் அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு பக்கம் மட்டும் பசையோ பெயின்டோ பூசினால் அது அப்பளம் போல வளைந்துவிடும். இரண்டு பக்கமும் பூசுங்கள். அடித்தளத்துக்குக் காட்போட் வேண்டாம், பரீட்சைக்குக் கொண்டுபோகும் பழைய கிளிப் போட் எவ்வளவோ மேல். பழுதான சீடியும் 12 சென்ரிமீற்றர் அகலத்தில் அருமையான வட்ட அடித்தளம். ஆனால் உப்புத்தாளால் தேய்க்காமல் ஒட்டினால் எல்லாம் உரிந்து வரும்.

அடுத்தது நம்ம ஊர்ச் சரக்கு. தேத்தண்ணி போட்டு வடித்த தூள், காட்டுத் தரைக்கும் சருகுக்கும் அவ்வளவு பொருத்தம். காசு கொடுத்து வாங்கும் தூளில்கூட அந்த நிறம் வராது. தவறு எங்கே நடக்கிறது என்றால், வடிகட்டியில் இருந்து நேரே கொண்டுபோய் ஒட்டுவதில். கைக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். பத்தாம் நாள் மலை முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். பனி பெய்த மலை என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் வாடை காட்டிக் கொடுத்துவிடும். தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, தட்டில் பரப்பி வெயிலில் போட்டு, கையில் நொறுங்கும் வரை காய விடுங்கள். வெயில் இல்லாவிட்டால் வெறும் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்து எடுக்கலாம். ஒட்டிய பிறகு பைண்டர் கம் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்து மேலே சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்த ஒரு சொட்டு இல்லாவிட்டால் கலவை உள்ளே இறங்காமல் தூளின் மேல் உருண்டு நிற்கும். சீனி போட்டுக் கொதிக்கவைத்த தேத்தண்ணித் தூளை எடுத்தவர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். மேசையில் சிப்பாய்களை விட எறும்புப் படை பெரிதாக இருந்தது. அரிசி, பருப்பு, கோதுமை மாப் பசை இவற்றுக்கும் அதே கதிதான், எலியும் சேர்ந்துகொள்ளும்.

அளவுக்கு வருவோம். நான் ஒரு லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடு, செய்ய ஆசைப்பட்டேன். அதில் காம்பரா (அறை) ஒன்று 10 அடிக்கு 12 அடி. 28 மில்லிமீற்றர் உருவங்களுக்கு 56இல் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால் 54க்கு 65 மில்லிமீற்றர் வருகிறது. சரியாக வெட்டி ஒட்டினேன். சிப்பாயின் அடித்தட்டு 25 மில்லிமீற்றர். இரண்டு பேரை அருகருகே நிறுத்தினால் சுவரோடு சுவராக நிற்கிறார்கள், அவர்களை எடுக்க என் விரல் நுழையவில்லை. "ரெண்டு பொம்மைக்கே பத்தலையே, நம்ம ஆளுங்க பரம்பரையா எப்படிண்ணே இருந்தாங்க?" என்று தம்பி கேட்டான். நான் பதில் சொல்லாமல் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை 90க்கு 110 என்று செய்து, கூரையைக் கழற்றி வைக்கும் மாதிரி விட்டேன். கதவும் அப்படித்தான். கணக்குப்படி 35 போதும், ஆனால் உருவம் தட்டின் மேல் நிற்பதால் 42 இருந்தால்தான் கண்ணுக்குச் சரியாகப் படும். கடையில் பொதியாக விற்கும் பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் பெரும்பாலும் இதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு உயரம். எந்த உருவத்தை வைத்து ஆடப்போகிறீர்களோ அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வெட்டத் தொடங்க வேண்டும்.

கூரைக்கு காட்போட்டின் மேல்தாளை லேசாக நனைத்து உரித்தால் உள்ளே அலைத் தகரம் தயார். பெரிய பெட்டி அட்டையின் அலை மிகப் பெரிது, கூரை தகரம் போலவே தெரியாது. ஃபோன் வரும் சின்னப் பெட்டிகளின் நெளி அட்டையில் அலைக்கு அலை 3 மில்லிமீற்றர் அளவுதான், அது பரவாயில்லை.

மலைநாட்டுக்காரருக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. மலை என்றாலே நம் கைக்குச் சரிவுதான் வரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு சிப்பாயும் அதில் நிற்க மாட்டான். பிளாஸ்டிக் சறுக்கும், ஈய உருவம் உருண்டு விழுந்து பெயின்ட் பெயர்ந்துவிடும். தேயிலைத் தோட்டத்தில் கான் (மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால்) வெட்டியிருப்பதைப் பாருங்கள், மலையைச் சுற்றி வரிவரியாகப் போகும். அந்த இடங்களில் 30 மில்லிமீற்றர் அகலத்தில் படி விட்டால் சரிவும் சரிவாகவே தெரியும், உருவமும் நிற்கும். தேயிலைச் செடிகளுக்குப் பழைய மெத்தை ஸ்பொஞ்சை 18 மில்லிமீற்றர் உயரத்தில் வெட்டலாம். பலர் இந்த ஸ்பொஞ்சை உருண்டையாகக் கத்தரிக்கிறார்கள். மட்டக்கம்பு, அதாவது மட்டம் பார்க்கும் நேர்க் கம்பு, வைத்துக் கொழுந்து எடுக்கும் செடியின் தலை தட்டையாகத்தான் இருக்கும். தோட்டத்தில் செடியைக் கவ்வாத்து வெட்டியவரிடம் (கத்தரித்தவரிடம்) கேட்டால் சிரிப்பார். தட்டையாக இருந்தால் சிப்பாயை மேலேயே நிறுத்தி வைக்கலாம், வரிசைக்கு நடுவே இடம் தேட வேண்டியதில்லை.

செய்து முடித்ததைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். பத்திரிகைத் தாளில் சுற்றி, காட்போட் பெட்டியில் போட்டு, சுவரில் முட்டாமல் அலுமாரிக்கு மேலே வையுங்கள். என் லயம் இப்போது அங்கேதான் இருக்கிறது, மாதம் ஒரு தடவை இறக்கிக் காற்றாட வைக்கிறேன்.