குரோமோசோம் அறிக்கை கையில் கிடைத்ததும் நாம் செய்யும் தவறுகள்

குரோமோசோமில் கோளாறு என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தில் எழும் முதல் கேள்வி, “இது யார் வழியில் வந்தது?” என்பதுதான். பெரும்பாலும் தாயை நோக்கித்தான் விரல் நீளும். மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. குழந்தையின் சிகிச்சைக்கு இது எந்த வகையிலும் உதவாது. ஏற்கெனவே உடைந்துபோயிருக்கும் ஒரு பெண்ணின் மீது குற்றத்தையும் சுமத்துகிறது.

மனித உயிரணுவில் மரபுப் பொருளைச் சுமக்கும் 46 குரோமோசோம்கள் 23 இணைகளாக இருக்கின்றன. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஒவ்வோர் இணையும் பிரிந்து, ஒன்று மட்டுமே உள்ளே செல்ல வேண்டும். சில வேளைகளில் ஓர் இணை பிரியாமலே போய்விடுகிறது. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைவதே டவுன் சிண்ட்ரோம். பிரான்சைச் சேர்ந்த ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் தூர்பேன் ஆகியோர் 1959இல் இதை வெளியிட்டார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்குக் காரணம் இந்தப் பிரிவுப் பிழைதான். அவர்களுடைய பெற்றோரின் குரோமோசோம்கள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கர்ப்பத்தில் தாய் என்ன சாப்பிட்டார், எவ்வளவு வேலை செய்தார், எதற்காக அழுதார் என்பதற்கெல்லாம் இதில் பங்கே இல்லை. பெரும்பாலும் கருத்தரிக்கும் முன்பே பிழை நடந்து முடிந்திருக்கும்.

கருச்சிதைவுக்கும் இது பொருந்தும். முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கிறது. மாடிப்படி ஏறியதால் கரு கலைந்தது என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்ணிடம் இந்த உண்மையை யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

தாயின் வயது கூடக் கூட இந்தப் பிழைக்கான வாய்ப்பும் கூடுகிறது என்பது உண்மை. டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு 35 வயதில் ஏறக்குறைய 350இல் ஒன்று, 40 வயதில் 100இல் ஒன்று. நாற்பதிலும் பெரும்பாலோருக்கு இந்தக் கோளாறு வருவதில்லை என்பதையும் இதே எண்கள்தாம் சொல்கின்றன. இளம் வயதில் வாய்ப்பு குறைவுதான் என்றாலும் அறவே இல்லாமல் போவதில்லை. வயது குறைவு என்பதற்காகப் பரிசோதனை பற்றிய பேச்சையே தவிர்ப்பது சரியன்று.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. “இது பரம்பரையாக வருவதில்லையாம்” என்று கேள்விப்பட்டதும், குழந்தையின் குரோமோசோம் வரைபடத்தை எடுக்காமலே விட்டுவிடுவது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் மூன்று நான்கு விழுக்காட்டினருக்குக் கூடுதலான 21ஆம் குரோமோசோம் தனியாக இராது. 14ஆம் குரோமோசோம் போன்ற வேறொன்றோடு ஒட்டியிருக்கும். இத்தகைய இடமாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். அந்தப் பெற்றோர் முழு நலத்தோடு இருப்பார். அவரிடம் எண்ணிக்கை 45 என்று தெரிந்தாலும் மரபுப் பொருளில் முக்கியமான எதுவும் கூடவோ குறையவோ இல்லை. இடம் மட்டுமே மாறியிருக்கிறது. மருத்துவர்கள் இதைச் சமநிலை இடமாற்றம் என்கிறார்கள். பல்வேறு வகைகளையும் சேர்த்தால் சுமார் 500 பேரில் ஒருவர் இப்படிப்பட்ட மாற்றத்தோடு வாழ்கிறார். பலருக்கு அது வாழ்நாள் முழுதும் தெரிவதே இல்லை. ஆனால் அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும்போதும், கரு மீண்டும் மீண்டும் கலையும்போதும் இந்த ஒரு தகவல் முடிவுகளையே மாற்றிவிடும். அரிதாக, இரண்டு 21ஆம் குரோமோசோம்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பெற்றோருக்கு உயிரோடு பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். ஆகவே அறிக்கையை வாங்கியதும் கேட்க வேண்டிய கேள்வி: மரபுப் பொருள் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, வெறுமனே இடம் மாறியிருக்கிறதா? அதோடு, எல்லா உயிரணுக்களிலுமா, சிலவற்றில் மட்டுமா?

கர்ப்பிணியின் ரத்தத்தில் செய்யும் டிஎன்ஏ பரிசோதனையை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது இப்போது மிகவும் பரவிவிட்ட தவறு. அது வடிகட்டும் சோதனை மட்டுமே. அந்த ரத்தத்தில் தாயின் டிஎன்ஏவோடு கலந்திருக்கும், குழந்தையுடையது என்று கொள்ளப்படும் துணுக்குகள் உண்மையில் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து குழந்தை இயல்பாக இருப்பதும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 கருக்களில் ஒன்றுக்கு வரும் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். கோளாறு இல்லாத 1000 பேரில் ஒருவருக்கு மட்டுமே சோதனை தவறாக ‘உண்டு’ என்று சொல்லும் என்றும் கொள்வோம். அப்போது 10,000 பேரில் உண்மையாகவே கோளாறு உள்ள 10 பேரோடு, இல்லாத 10 பேருக்கும் ‘உண்டு’ என்றே முடிவு வரும். அவ்வளவு துல்லியமான சோதனையிலும் ‘உண்டு’ என்ற முடிவுகளில் பாதி பொய்! நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துச் செய்யும் உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு முன் கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

‘இயல்பு’ என்று வரும் அறிக்கைக்கும் எல்லை உண்டு. நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கமான குரோமோசோம் வரைபடத்தில் 50 லட்சம் டிஎன்ஏ இணைகளுக்கும் குறைவான இழப்புகள் பொதுவாகத் தெரியாது. 22ஆம் குரோமோசோமில் நேரும் சிறிய இழப்பு இதயக் குறைபாட்டையும் நோய் எதிர்ப்புக் குறைவையும் உண்டாக்கக்கூடியது. அதைக் கண்டுபிடிக்க, டிஎன்ஏ சிறிதளவு கூடினாலும் குறைந்தாலும் காட்டும் மைக்ரோஅரே போன்ற வேறு சோதனை வேண்டும். அந்த மைக்ரோஅரேயிலோ சமநிலை இடமாற்றம் தெரியாது. தலசீமியா, அரிவாள் அணுச் சோகை போன்ற ஒற்றை மரபணு நோய்கள் இரண்டிலும் பொதுவாகப் பிடிபடுவதில்லை.

எல்லாக் கோளாறுகளையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியன்று. 13 அல்லது 18ஆம் குரோமோசோம் மூன்றாக இருந்தால், அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. பாலினத்தோடு தொடர்புடைய எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் ஆண்களோ, ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறார்கள். பலர் குழந்தையின்மைக்காகச் சோதித்துக்கொள்ளும்போதுதான் அதை அறிகிறார்கள். கூடுதல் ஒய் குரோமோசோம் உள்ள ஆண்கள் வன்முறையாளர்கள் என்று 1960களில் கிளம்பிய கருத்தைப் பிற்கால ஆய்வுகள் தள்ளுபடி செய்துவிட்டன. இன்றும் அதை நம்பி ஒரு சிறுவனைச் சந்தேகத்தோடு வளர்ப்பது அநியாயம்.

புற்றுநோயாளியின் அறிக்கையில் குரோமோசோம் மாற்றம் என்றிருந்தால் பிள்ளைகளுக்கும் வருமோ என்று பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றில் காணப்படும் பிலடெல்பியா குரோமோசோம், 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் எலும்பு மஜ்ஜை உயிரணுவில் பிற்காலத்தில் உண்டாவது, வழிவழியாக வருவதில்லை. அந்த மாற்றத்தைத் துல்லியமாக அறிந்ததால்தான் 2001இல் இமாட்டினிப் மாத்திரை சிகிச்சைக்கு வந்தது.

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு: எதற்கெடுத்தாலும் “இந்தக் குழந்தைகள் அப்படித்தான்” என்று விட்டுவிடுவது. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருக்கிறது. பிறந்தவுடனே எக்கோ எடுத்தால் தெரிந்துவிடும், அவற்றில் பலவற்றை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். சோர்ந்து கிடக்கும் குழந்தைக்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். தைராய்டு அளவையும் கேட்கும் திறனையும் முதல் ஆண்டிலிருந்தே குறித்த இடைவெளியில் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் பெற்றோரே கேட்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும்.