பத்து மணிச் சீட்டு: வெளிநாடுகளிடம் பாடம் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் புதிதாக வரும் டாக்டர்களுக்கு திருநெல்வேலியில் அவ்வப்போது வகுப்பெடுக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி பிரிட்டன், தாய்லாந்து, கியூபா மூன்று நாட்டு மருத்துவ ஏற்பாடுகளையும் ஒரே சிலைடில் போட்டு, "இதையெல்லாம் நாமும் செய்யலாமே சார்" என்றார். இருபது வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

கண்ணில் படுவதை மட்டும் எடுத்துவருவது

அப்போது நான் இருந்தது பீடி சுற்றும் ஊர். பிரிட்டனில் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டுதான் டாக்டரைப் பார்ப்பார்கள் என்று படித்துவிட்டு, சுகர் நோயாளிகளுக்கு நேரம் குறித்த சீட்டு கொடுத்தேன். இரண்டே மாதத்தில் வராண்டா காலி. நெரிசலை ஒழித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை!

அப்புறம் ஒரு அம்மா வந்தார். காலில் பழைய சேலைத் துணிக்கட்டு. பிரித்தால் பெருவிரல் கறுத்திருந்தது. ஏன் மாத்திரை வாங்க வரவில்லை என்று கேட்டேன். "நீங்க பத்து மணின்னு எழுதிட்டிய. பத்து மணிக்கு நான் சுத்துன பீடியக் குடுக்க பீடிக் கடையில வரிசையில நிக்கணும்லா?" ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். விரலை எடுத்துவிட்டார்கள்.

பிரிட்டனில் 1948 முதல் இருக்கும் ஏற்பாட்டில் நேரச் சீட்டு ஒரு ஓரம்தான். அங்கே அவரவர் ஒரு குடும்ப டாக்டரிடம் பெயர் பதிந்திருப்பார்கள். பதிந்த தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தரும். யார் வரவில்லை என்று தேட அந்த டாக்டர் கையில் பட்டியல் இருக்கும். நான் பட்டியலை விட்டுவிட்டுச் சீட்டை மட்டும் எடுத்து வந்தேன்.

தாய்லாந்து கதையும் இதேதான். 30 பாட் (அந்த ஊர்ப் பணம்) மட்டும் கட்டிச் சிகிச்சை பெறலாம் என்று 2002-க்குள் நாடு முழுக்க வந்த காப்பீட்டுத் திட்டத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அதற்கு முன் முப்பது வருடம் மாவட்டம் மாவட்டமாக ஆஸ்பத்திரி கட்டியதையும், படித்து முடித்த டாக்டர்களைக் கட்டாயமாகக் கிராமத்துக்கு அனுப்பியதையும் யாரும் சிலைடில் போடுவதில்லை. காப்பீட்டு அட்டையை ஒரே நாளில் அச்சடித்துவிடலாம். அதை நீட்டுவதற்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேண்டாமா? இப்போது நம் தமிழ்நாட்டில், 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. பீடி சுற்றும் சுளகை மடியில் வைத்தபடியே வாங்கிக்கொள்கிறார்கள். அந்த அம்மாவுக்கு இது பிந்திப்போனது.

நம் கையில் இருப்பதை மறப்பது

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியது. மருந்தை மொத்தமாக வாங்கி, கம்பெனி பெயரை மறைத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக் கொடுத்துக் கணக்கு வைக்கிறது. கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. தம்பியின் சிலைடில் இது இல்லை.

கியூபா

அங்கே குடும்ப டாக்டர் தன் நோயாளிகள் இருக்கும் பகுதியிலேயே குடியிருப்பார். நம் டாக்டர் குவார்ட்டர்ஸில் ஆடு கட்டியிருக்கிறது.