மென்பவளத் தொட்டி: ஃபேன் பூட்டியதும் ஏறிய உப்பு

60 லீட்டர் நன்னீர்த் தொட்டியைப் பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியாக மாற்றும்போது பழைய சரளைக் கல்லை வீசிவிடுங்கள்; மீன் மருந்தின் செம்பு அதில் தங்கியிருந்தால் பவளம் தேறாது. ஆர்.ஓ. (உப்பு நீக்கிச் சுத்திகரித்த) தண்ணீரில் லீட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடலுப்புக் கலவை, நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 1.025. லைவ் ராக் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் கடற்பாறை) போட்டு, நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும்வரை பொறுக்கவேணும்.

சிக்கல் கொழும்பு வெக்கைதான். தண்ணீர் 30 பாகையைத் தொட, மேலே சின்ன ஃபேன் பூட்டினேன், 27க்கு இறங்கியது. ஒரு கிழமையில் மஷ்ரூம் பவளம் ஓரம் சுருண்டு கொட்டைப்பாக்கு அளவாகிவிட்டது. அளந்தால் 1.029! ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். நானோ குறைந்ததை உப்புத்தண்ணீரால் நிரப்பியிருக்கிறேன்.

நாளுக்கு 2 லீட்டர் எடுத்துவிட்டு வெறும் ஆர்.ஓ. ஊற்ற, நாலு நாளில் 1.025. ஒரேயடியாக இறக்கினால் பவளம் தாங்காது. இப்போது கண்ணாடியில் மார்க்கர் கோடு. காலையும் மாலையும் அதுவரை ஆர்.ஓ. தண்ணீர்.