மாடி போர்ஷனுக்கு டு-லெட் போர்டு மாட்டும் முன்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியை முதல்முறை வாடகைக்கு விட்டபோது ஜெராக்ஸ் கடையில் கிடைத்த அச்சடித்த ஒப்பந்தத்தில் பேரும் தொகையும் மட்டும் பேனாவால் நிரப்பி, 11 மாதம் என்று போட்டு, 10 மாத அட்வான்ஸ் வாங்கி, சாவியைக் கொடுத்துவிட்டோம். எட்டாவது மாதம் வாடகை நின்றது. அம்மா ஒரே வழிதான் சொன்னார்: "மோட்டார் சுவிட்ச் நம்ம கையிலதானே இருக்கு, ரெண்டு நாள் தண்ணி ஏத்தாம விடு, தானா காலி பண்ணிட்டுப் போவாங்க." மே மாசம், வேலூர் வெயில், எனக்கு மனசு வரவில்லை. பிறகு சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தியிருந்தால் வாடகை பாக்கி வைத்தவரை விட்டுவிட்டு என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். வாடகை தராதவருக்கும் அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது.

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் வாடகை எவ்வளவு என்பதை அரசு சொல்லாது, அது நீங்களும் குடிவருபவரும் பேசி முடிப்பது. ஆனால் பேசியதை எழுத வேண்டும், எழுதியதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 11 மாதம் போட்டால் பதிவு தேவையில்லை என்று நம் ஊரில் இன்னும் புரோக்கர்கள் சொல்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற மத்தியச் சட்டத்திலிருந்து தப்பிக்க வந்த பழக்கம் அது. வாடகைச் சட்டத்துக்கு 11 மாதமும் ஒன்றுதான், 3 வருடமும் ஒன்றுதான்.

பதிவை இணையத்திலேயே செய்யலாம், அரசு இதற்கென்று தனி வாடகை இணையதளம் வைத்திருக்கிறது. இருவரும் சேர்ந்து விண்ணப்பிப்பதுதான் முறை, ஒருவர் இழுத்தடித்தால் இன்னொருவர் தனியாகவும் விவரம் கொடுக்கலாம். முடிந்ததும் ஒரு பதிவு எண் வரும். மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம், பழைய வட ஆற்காடு ஞாபகத்தில் எல்லாவற்றையும் வேலூர் என்று போட்டுவிடாதீர்கள். 2019-இல் வேலூரைப் பிரித்த பிறகு ஆற்காடு, வாலாஜா வீடுகள் ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம்.

அடுத்து அட்வான்ஸ். சட்டம் சொல்லும் அளவு 3 மாத வாடகை. நம் ஊர் வழக்கம் 5, 10 என்று போகும், நானே வாங்கியிருக்கிறேன். இப்போது 3-க்கு மேல் வாங்குவதில்லை, ஏனென்றால் அந்தப் பணம் கையில் தங்காமல் செலவாகிவிடும், வீடு காலியான ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டியது உரிமையாளர் பொறுப்பு. சிலர் வாடகையே வேண்டாம் போக்கியத்துக்கு விடுகிறேன் என்று மொத்தமாக சில லட்சம் வாங்கி வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்கிறார்கள். போக்கியம் என்பது அடமானம், அதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பணம் கொடுத்தவர் நிலைமைதான் பாவம்.

சண்டை அதிகம் வருவது ரிப்பேரில். ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதாவிட்டால் சட்டத்தின் அட்டவணைதான் கணக்கு. சுவர், கூரை, சுண்ணாம்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் லைன், வயரிங் எல்லாம் உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், அடைத்துக்கொண்ட வாய்க்கால், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவர் பார்க்க வேண்டியது. எங்கள் மாடியில் பாத்ரூம் வடிகால் அடைத்து, கீழே அம்மாவின் பூஜை அறைச் சுவரில் ஈரம் இறங்கியது. வடிகால் அடைப்பு அவர்கள் பொறுப்பு, ஆனால் ஓட்டை விழுந்த பைப் என் பொறுப்பு, பிளம்பர் வந்து டைல்ஸைப் பெயர்த்துப் பார்க்கிற வரை எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் சாவி கொடுக்கும் அன்றே ஒவ்வொரு குழாயையும் திறந்துவிட்டு ஒரு வீடியோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை.

கரண்டுக்கு மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறி பில் எகிறும். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஏசி போட்டால் 500 எந்த மூலைக்கு? சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இஷ்டப்பட்ட ரேட் வாங்குவது வேண்டாத வம்பு.

யாருக்கு விடுகிறீர்கள் என்பதும் முக்கியம். காட்பாடி பக்கம் படிக்கிற பிள்ளைகள், சி.எம்.சி.க்கு சிகிச்சைக்கு வரும் வங்காளக் குடும்பங்கள் என்று நம் ஊரில் எப்போதும் ஆள் உண்டு. நாலு மாணவிகள் சேர்ந்து வீட்டை வாடகைக்கு எடுப்பது வேறு, நீங்களே கட்டிலுக்கு இவ்வளவு என்று சாப்பாடோடு வசூலிப்பது வேறு. இரண்டாவது வகை பெண்கள் விடுதி, அதற்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பங்களாதேஷிலிருந்து வருபவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும், இது மத்தியச் சட்டம். பேச்சு ஒரே மாதிரி இருக்கிறதென்று கொல்கத்தாக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியும் வாடகை நின்றால்? இரண்டு மாத பாக்கி சேர்ந்ததும் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யச் சொல்லி மனு போடலாம். பதிவு எண் உள்ள ஒப்பந்தம் கையில் இருந்தால் அங்கே பேச்சு சுருக்கமாக முடியும், என்னிடம் அது இல்லாததால் கடைசியில் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு சமாதானமாக அனுப்பிவைத்தேன்.

இன்னொன்று, இது நம் பக்கத்து விஷயம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருப்பதாலோ என்னவோ, குருவி எச்சத்தில் சந்தனக் கன்று தோட்டத்தில் தானாக முளைத்துவிடும். எங்கள் கொல்லையிலும் ஒன்று இடுப்பளவு நிற்கிறது. சொந்த நிலத்தில் சந்தனம் வளர்க்கலாம், ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. துணிக்கொடி கட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று குடிவந்தவர் வெட்டிவிட்டால் பதில் சொல்வது யார்? கொல்லை மரத்தைத் தொடக் கூடாது என்று இப்போதெல்லாம் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.