கொழும்பு ஈரத்தில் லெதர் செற்றியைப் பராமரிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் பிளாட். செற்றி வாங்கிய முதல் வருடம், நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்து கதவைத் திறந்தால், நனைந்த பேப்பர் கட்டின் மணம். செற்றியின் முதுகில், சுவர்ப் பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் வெள்ளை வட்டங்கள். விரலால் தொட்டேன், கோதுமை மா மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. பூஞ்சணம்.

போவதற்குச் சில நாள் முன்னர்தான் அம்மாவின் பேச்சைக் கேட்டுத் தேங்காயெண்ணெய் பூசியிருந்தேன். "அதுவும் தோல்தானே பிள்ளை, கொஞ்சம் எண்ணெய் தடவினால் மினுங்கும்" என்றார். மினுங்கத்தான் செய்தது. ஆனால் எண்ணெய் பட்ட இடமெல்லாம் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு வைத்தது போலாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் விளங்கியது. லெதர் பராமரிப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஹீட்டர் போட்ட வீட்டில் காற்று காய்ந்து லெதர் வெடிக்கும், அதனால் லெதரை மென்மையாக வைத்திருக்கும் கண்டிஷனரை அடிக்கடி பூசச் சொல்வார்கள். கொழும்பில் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல்தான், இரவில் இன்னும் கூடும். பூஞ்சணம் வளர அதுவே போதும். ஆகவே நமக்குக் கணக்கு வேறு: தண்ணீர் குறைவு, எண்ணெய் அதைவிடக் குறைவு, காற்றோட்டம் கூட.

முதலில், உங்களுடையது லெதர்தானா?

கடையில் "லெதர்" என்று சொல்லி விற்பதெல்லாம் லெதர் இல்லை. மெத்தை உறையின் சிப்பைத் திறந்து உட்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய நாரும் பஞ்சுமாக, பூனை நாக்கு மாதிரிச் சொரசொரப்பாக இருந்தால் உண்மையான தோல். நெய்த துணி தெரிந்தால் அது ரெக்சின் அல்லது பியூ (PU) என்ற செயற்கைத் தோல். தோல் தூளை அரைத்து ஒட்டி, மேலே பிளாஸ்டிக் படலம் போட்டதும் உண்டு, அதை பொண்டட் லெதர் என்பார்கள். பியூவும் பொண்டட் லெதரும் நம் ஊர் ஈரத்தில் சில வருடத்திலேயே செதில் செதிலாக உரியத் தொடங்கும். அதற்குக் கண்டிஷனர் பூசிப் பயனில்லை. ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுவதோடு சரி.

உண்மையான தோல் என்றால் இன்னொரு சோதனை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி உருண்டு நின்றால் மேலே நிறப்பூச்சு உள்ள லெதர். வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான், பயப்படாமல் துடைக்கலாம். உடனே உறிஞ்சிக் கருத்தால் பூச்சில்லாத அனிலின் வகை. அழகு, ஆனால் எல்லாக் கறையையும் குடிக்கும். அதில் கறை பட்டால் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. கீழே சொல்வது பூச்சுள்ள லெதருக்கு.

எடுத்து வைக்க வேண்டியவை

மென்மையான பிரஷ் மூக்குள்ள வாக்குவம் கிளீனர், வெள்ளைப் பருத்தித் துணி நான்கு துண்டு, லெதருக்கென்று விற்கும் கிளீனர், கண்டிஷனர். கிளீனர் கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்தாறு சொட்டு பேபி ஷாம்பூ போதும். துணி கட்டாயம் வெள்ளையாக இருக்கட்டும். பழைய வேட்டியோ பனியனோ நல்லது. சாரத்துத் துண்டால் துடைத்தால் சாரத்தின் சாயம் செற்றிக்கு வந்துவிடும்.

துணி துவைக்கும் சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம், பேபி வைப்ஸ், அப்பச்சோடா எல்லாவற்றையும் குசினியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். லெதர் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. சவர்க்காரமும் சோடாவும் காரம். திரும்பத் திரும்பப் பட்டால் பூச்சு மங்கி, தோல் விறைத்துப்போகும்.

படி 1: தூசி

மெத்தைகளைக் கழற்றி எடுத்துவிட்டு இடுக்கெல்லாம் வாக்குவம் பிடியுங்கள். எங்கள் வீட்டில் போன முறை ஐந்து ரூபாய்க் குற்றி நான்கு, முறுக்குத் துண்டுகள், காணாமற்போன ரிமோட்டின் பற்றரி மூடி எல்லாம் கிடைத்தன. முறுக்குத் துண்டைத் தேடி எறும்பு வரும், அதற்குப் பின்னால் பல்லி வரும், பல்லி வந்தால் என்ன விட்டுப்போகும் என்று தெரியும்தானே. மணலும் தூசியும் இருக்கும்போதே ஈரத்துணி போட்டால் அரத்தாள் தேய்த்தது போலப் பூச்சில் கீறல் விழும். இந்தப் படியைத் தாண்ட வேண்டாம்.

படி 2: துடைப்பது

மழை இல்லாத நாளாகப் பார்த்துக் காலையிலேயே தொடங்குங்கள். பின்னேரம் தொடங்கினால் இரவு ஈரத்தில் காயாது.

முதலில் செற்றியின் பின்பக்கம் ஓரிடத்தில் கிளீனரைப் பரீட்சித்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறவில்லையென்றால் தொடரலாம். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். எவ்வளவு பிழிவது? உள்ளங்கையில் அழுத்தினால் கை குளிர வேண்டும், ஆனால் நனையக் கூடாது. அந்த அளவு. கிளீனரை எப்போதும் துணியில்தான் விட வேண்டும், செற்றியில் நேராக விட வேண்டாம். தையல் துளை வழியாக இறங்கும் தண்ணீர் உள்ளே ஸ்பொஞ்சில் தங்கிவிடும். நம் காற்றில் அது காய நாட்கணக்காகும், அதற்குள் மணம் வந்துவிடும்.

மேலிருந்து கீழே, ஒரு சமயம் ஒரு மெத்தை அளவு இடமாக, மெல்லச் சுழற்றித் துடையுங்கள். துணி கறுத்தால் மடித்துச் சுத்தமான பக்கத்துக்கு மாறுங்கள். அப்புறம் வெறும் தண்ணீரில் பிழிந்த இரண்டாவது துணி, கடைசியாக உலர்ந்த துணி. முடிந்ததும் மின்விசிறியை முழு வேகத்தில் போட்டு, ஜன்னலைத் திறந்து விடுங்கள். ஹெயார் டிரையர் வேண்டாம், வெயிலில் இழுத்து வைக்கவும் வேண்டாம். தோல் சுருங்கும்.

தலை படும் இடம்

தமிழ் வீட்டுச் செற்றியில் முதலில் கெடும் இடம் இதுதான். தேங்காயெண்ணெய் வைத்த தலை ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் சாயும். முதலில் அங்கே கொஞ்சம் மினுக்கம் தெரியும், பிறகு கருக்கும், பிறகு விரல் வைத்தால் பிசுபிசுக்கும். பிசுபிசுப்பு வந்துவிட்டதென்றால் எண்ணெய் பூச்சைக் கரைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் வீட்டில் தேய்த்தால் நிறமே கழன்று துணியோடு வரும்.

மினுக்கம் மட்டும் இருந்தால், உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சோளமாவோ பேபி பவுடரோ தூவி ஓர் இரவு விடுங்கள். காலையில் மா கொஞ்சம் மஞ்சளித்து, கட்டி கட்டியாக நிற்கும். அது எண்ணெயைக் குடித்த அடையாளம். மெல்லத் தட்டி எடுத்துவிட்டு, தேவையென்றால் இன்னொரு முறை தூவுங்கள். அதன் பிறகே கிளீனர். நான் இப்போது தலை படும் இடத்தில் சிறிய வெள்ளைத் துவாய் போட்டிருக்கிறேன். மகளுக்குப் பிடிக்கவில்லை, "பஸ் சீற் மாதிரி இருக்கு" என்கிறாள். இருக்கட்டும்.

கறி கொட்டினால் தேய்க்காமல் கரண்டியால் வழித்தெடுத்து, உடனே ஈரத்துணியால் ஒற்றுங்கள். மஞ்சளோடு அரை மணி நேரம் பொறுத்தால் அப்புறம் அதோடு வாழப் பழக வேண்டியதுதான். போல்பொயின்ற் பேனைக் கோட்டுக்கு ஹெயார் ஸ்பிரே, நெயில் பொலிஷ் ரிமூவர் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மையோடு சேர்ந்து செற்றியின் நிறமும் போகும்.

படி 3: கண்டிஷனர், கொஞ்சமாக

நான் பூசுவது வருடத்துக்கு ஒரு முறை, கூடினால் இரு முறை. ஒன்று பெப்ரவரியில், கொழும்பில் மழை குறைந்திருக்கும் நேரம். வேண்டுமென்றால் மற்றது ஓகஸ்ட்டில். ஒக்ரோபர், நவம்பர் அடைமழைக்குள் தொடவே மாட்டேன். ஒரு மெத்தைக்கு ஐந்து ரூபாய்க் குற்றி அளவு எடுத்துத் துணியில் பரப்பி, மெல்லிய படலமாகப் பூசுங்கள். அரை மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் எஞ்சியதை முழுக்கத் துடைத்தெடுங்கள். தொட்டால் வழுக்கக் கூடாது. தேங்காயெண்ணெய், ஒலிவ் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். அவை உள்ளேயே தங்கிச் சிக்கு மணம் அடிக்கும்.

பூஞ்சணம் வந்துவிட்டால்

மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொள்ளுங்கள். முடிந்தால் செற்றியை பல்கனிக்கு, நிழலில், கொண்டுபோங்கள். வீட்டுக்குள் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் தூள் பறந்து திரைச்சீலையில் போய் இருக்கும். பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைக் கழுவாமல் பையில் கட்டி எறியுங்கள். பிறகு வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, ஒரு மூலையில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, துணியால் துடையுங்கள். பத்து நிமிடம் கழித்து வெறும் ஈரத்துணி, அப்புறம் மின்விசிறி. வினாகிரி மணம் ஒரு நாளில் போய்விடும். ஒரு கிழமையில் அதே இடத்தில் திரும்ப வந்தால் பூஞ்சணம் உள்ளே ஸ்பொஞ்சில் இறங்கியிருக்கலாம், அல்லது பின்னாலுள்ள சுவரே கசியலாம். எங்கள் வீட்டில் சுவர்தான். வீட்டுக்காரரிடம் சொல்லி, பாத்ரூம் பைப்பைத் திருத்திய பிறகே நின்றது.

வைக்கும் இடம்

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், பின்னால் காற்று போக வேண்டும். மேற்குப் பக்க ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் நிறம் மங்கும், திரை போடுங்கள். கடையிலிருந்து வந்த பொலித்தீன் உறையை "புதிதாக இருக்கட்டும்" என்று கழற்றாமல் வைத்திருக்கும் வீடுகளை இன்னமும் பார்க்கிறேன். ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. இன்றைக்கே கழற்றுங்கள்.

ஊருக்குப் போவதாக இருந்தால் மெத்தைகளைக் கழற்றி நிமிர்த்தி, ஒன்றோடொன்று படாமல் சாய்த்து வையுங்கள். மூட வேண்டுமென்றால் பருத்தி விரிப்பு. நான் இப்போது திறப்பைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன். கிழமைக்கு இரு தரம் வந்து ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஒரு மணி நேரம் போட்டுவிட்டுப் போவார். வரும்போது அவருக்கு ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழமாவது, பனங்கட்டியாவது.